குழந்தை மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகணும்: தீசிஸை எப்படித் தொடங்க?

பாளை_பிஜி:
எம்.டி. பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) முதல் வருஷம். தீசிஸ் ஸ்க்ரப் டைபஸில் (மைட் என்ற சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்). அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைகளான வெய்ல்-ஃபெலிக்ஸ், ஐஜிஎம் எலைசா இரண்டையும் ஒப்பிட வேண்டும். 60 குழந்தைகள் போதுமா? ஆராய்ச்சிதான் வழி என்றால், எம்.டி.க்கு அப்புறம் டி.எம்.மா (உயர்சிறப்புப் படிப்பு), பிஎச்.டி.யா?

கணக்குப்பிள்ளை:
60 எங்கிருந்து வந்தது? போன பேட்ச் தீசிஸிலிருந்துதானே! சென்சிட்டிவிட்டி (நோயுள்ளவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் கண்டுபிடிக்கிறது என்பது) 90 சதவீதம், முன்னப்பின்ன 5 என்று வைத்தால், 95 சதவீத நம்பகத்துக்கான எண் 1.96; 1.96 × 1.96 × 0.9 × 0.1 ÷ 0.0025 = 139. அதுவும் நோய் உறுதியானவர்கள் மட்டும். காய்ச்சலோடு சேர்க்கிறவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான் நோய் என்றால் 464 பேர் வேண்டும். முன்னப்பின்ன 10 என்று தளர்த்தினால் 117 போதும்.

அதைவிடப் பெரிய ஓட்டை: நோயை எதை வைத்து உறுதி செய்வீர்கள்? எலைசாவே அளவுகோல் என்றால் எலைசாவுக்கு 100 சதவீதம்தான் வரும், ஒப்பிட ஒன்றுமில்லை. பிசிஆரோ (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்), இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரு சீரமோ (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) வேண்டும்.

மணிமுத்தாறு:
அந்த இரண்டாவது சீரத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். காய்ச்சல் விட்டபின் பாபநாசத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் திரும்ப வரமாட்டார்கள். பஸ் செலவை புரோட்டோகாலிலேயே (ஆய்வுத் திட்டத்தில்) எழுதி எத்திக்ஸ் கமிட்டியிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பிசிஆருக்கு இடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் தடுப்பது) ரத்தம் எடுக்கணும், இந்த நோய்க்கான மருந்து டாக்சிசைக்ளினை முதல் தடவை கொடுக்கும் முன்பே. அதற்காக மருந்தை ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. எஸ்காரை (பூச்சி கடித்த இடத்துப் புண்) உடம்பு முழுக்கத் தேடணும்: அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், அரைஞாண் கயிற்றுக்கு அடியில். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு. அதுவே பிசிஆருக்கு நல்ல சாம்பிள்.

ரத்த அளவும் முக்கியம். ஐரோப்பிய வழிகாட்டியில் ஆராய்ச்சிக்கு ஒரு தடவைக்கு மொத்த ரத்தத்தில் 1 சதவீதம், நாலு வாரத்துக்கு 3 சதவீதம். 10 கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தம் சுமார் 800 மில்லி. ஆக ஒரு தடவைக்கு 8 மில்லி, நாலு வாரத்துக்கு 24 மில்லி. சீரத்தைச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து உறைய வையுங்கள், ஒன்றையே உருக்கி உருக்கி உறைய வைத்தால் கெட்டுப்போகும்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டியில் 7 முதல் 12 வயதுக்கு வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம். பெற்றோர் ஒப்புதல் எப்படியும் வேண்டும். தகவல் தாளை ஆபீஸ் தமிழில் எழுதாதீர்கள், அம்பாசமுத்திரத்து ஆச்சிக்குப் புரியணும்.

பாளை_பிஜி:
நன்றி அண்ணாச்சி. டி.எம்., பிஎச்.டி. பற்றி?

கணக்குப்பிள்ளை:
ஒரு நோயில் ஊன்ற நினைத்தால் பிஎச்.டி.; நியோனேட்டாலஜி (பச்சிளங்குழந்தை மருத்துவம்) மாதிரி துறைக்குள்தான் கேள்வியே இருக்கிறது என்றால் டி.எம். முதலில். ஆனால் டி.எம். முடித்தவரை வார்டு விழுங்கிவிடும். வேலைக்குச் சேரும்போதே வாரத்தில் எத்தனை நாள் ஆராய்ச்சிக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். சாம்பிள் வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பு மருத்துவர்களுக்கென்றே ஃபெல்லோஷிப் தருகிறது.

அவசரம் மட்டும் ஆகாது. டெல்லியில் பச்சிளங்குழந்தைகளிடம் 1980களில் எடுத்த 116ஈ என்ற ரோட்டா வைரஸ் (வயிற்றுப்போக்குக் கிருமி) வகை, தடுப்புச் சொட்டு மருந்தாகி அரசுத் திட்டத்தில் நுழைந்தது 2016இல்.