படம், சினிமா, திரைப்படம்: மூன்றும் ஒன்றுதானா?

ரீல்பெட்டி: எங்கள் திரைக்கழக மலரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘படம்’, ‘சினிமா’ இரண்டையும் எடுத்துவிட்டு எங்கும் ‘திரைப்படம்’ என்றே போடலாம் என்பது என் கட்சி. படம் என்றால் ஓவியமும் போட்டோவும்கூடப் படம்தானே. சினிமாவுக்கும் திரைப்படத்துக்கும் பொருள் ஒன்றுதான்.

கொட்டாய்க்காரன்: வேண்டாம் சாமி. ‘நேற்று படம் பார்த்தேன்’ என்றால் சுவரில் மாட்டிய படம் என்றா நினைப்பார்கள்? சினிமா கதையே வேறு. ‘சினிமாவில் சேர்ந்துவிட்டான்’ என்றால் அந்தத் தொழிலுக்கே போய்விட்டான். ‘படத்தில் சேர்ந்துவிட்டான்’ என்றால் ஏதோ ஒரு படத்தில் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. படத்தை எண்ணலாம், சினிமாவை எண்ண முடியாது.

ரீல்பெட்டி: எங்கள் பாட்டி ‘மூணு சினிமா பார்த்தேன்’ என்பார். எண்ணியாச்சே! ‘தமிழ் சினிமா’ வரும் இடத்தில் ‘தமிழ்த் திரையுலகம்’ போட்டால் போச்சு.

கொட்டாய்க்காரன்: பாட்டி காலத்து வழக்கு அது. இன்று ‘மூன்று சினிமா ரிலீஸ்’ என்று யார் சொல்கிறார்கள்? சரி, ‘உலக சினிமா’வை என்ன செய்வீர்கள்? ‘உலகத் திரையுலகமா’?

தேன்மொழி: எது பொது, எது சிறப்பு என்பதே மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்தபோது ‘பேசும் படம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாப் படங்களும் பேசத் தொடங்கியதும் அந்த அடைமொழி உதிர்ந்துவிட்டது. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ மாதிரியானவற்றைத்தான் இப்போது ‘மௌனப் படம்’ என்று பிரித்துச் சொல்கிறோம். வசனமே இல்லாத ஒன்றுக்கு 1987-ல் ‘பேசும் படம்’ என்று குறும்பாகப் பெயர் வைக்க முடிந்ததும் அந்தப் பழைய சொல் நினைவில் இருந்ததால்தான்.

ரீல்பெட்டி சார், உங்கள் ‘திரைப்படம்’ மட்டும் துல்லியமா என்ன? ஏ.கே. செட்டியார் 1940-ல் காந்தியைப் பற்றி வெளியிட்டதும் திரையில் ஓடியதுதான். வெறுமனே ‘செட்டியாரின் திரைப்படம்’ என்று எழுதினால் பாதிப் பேர் கதாநாயகன் யார் என்று கேட்பார்கள். அங்கே ‘ஆவணப்படம்’ என்றுதான் எழுத வேண்டும்.

ரீல்பெட்டி: ஆவணப்படம், குறும்படம் இரண்டும் அப்படியே இருக்கட்டும். உலக சினிமாவையும் தொடவில்லை. தனியாக நிற்கும் ‘படம்’ மட்டும் ‘திரைப்படம்’ ஆகும். அச்சில் வரும்போது ஒரு கௌரவம் வேண்டாமா?

கொட்டாய்க்காரன்: அப்படிச் சொல்லுங்கள், கௌரவம்தான் காரணம், பொருள் இல்லை! ஒன்று மட்டும்: கணினியில் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ‘குறும்திரைப்படம்’, ‘திரைப்திரைப்படம்’ என்றெல்லாம் அச்சாகி வந்து நிற்கும்.