தம்பியின் இடுப்பென்புப் புற்றுநோய்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகின்றேன். 34 வயதான என் தம்பிக்கு, காலஞ்சென்ற எங்கள் அப்பாவைப் போலவே, சிறுவயது முதல் முழங்கால், தோள், இடுப்பு என்புகளில் கசியிழையத் (குருத்தெலும்பு) தொப்பி மூடிய கட்டிகள் பல இருந்தன. இ.எக்ஸ்.ரி.1 அல்லது இ.எக்ஸ்.ரி.2 பரம்பரையலகின் மாற்றத்தால் வரும் இந்நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்புடன் கடத்தப்படக்கூடியது. உடல் வளர்ச்சி நின்றபின் இக்கட்டிகளும் பொதுவாக வளர்வதில்லை என்பதால் நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோம்.

கடந்த தை மாதம் இடுப்புக்கட்டி நோவுடன் பருக்கத் தொடங்கியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தொப்பி 2 சென்ரிமீற்றருக்கும் மேல் தடித்திருந்தது. இழையப் பரிசோதனை அதைக் கொண்ட்ரோசார்கோமா எனும் கசியிழையப் புற்றுநோய் என உறுதிசெய்தது. இவ்வகைக்குக் கீமோதெரபியும் கதிர்ச்சிகிச்சையும் அதிகம் பயன்தருவதில்லை என்பதால், கட்டியை முழுமையாக வெட்டியகற்றுவதே வழி என வைத்தியர் கூறுகின்றார்.

இடுப்பென்பில் இத்தகைய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இங்கு இருந்தால், மீண்டும் நடக்க எவ்வளவு காலம் எடுத்தது, புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மகரகமவில் நோயாளியுடன் தங்குபவர்களுக்குக் குறைந்த செலவில் இடம் எங்கே கிடைக்கும் என்பவற்றைத் தெரிவியுங்கள். தம்பியின் ஆறு வயது மகளுக்குப் பரம்பரையலகுப் பரிசோதனை செய்விக்கவும் வழிகாட்டல் தேவை. கைமருந்து ஆலோசனைகளை மட்டும் அன்புகூர்ந்து தவிர்க்கவும். அவை ஏற்கெனவே வீடு நிறைய வந்து சேர்ந்துவிட்டன.