தரைய மாத்தி முடிச்சேன், தண்ணி மேல இருந்து வந்துச்சு

பழைய அமெரிக்கன் மசில் கார, அதாவது பெரிய எஞ்சின் வச்ச வேகமான வண்டிய, வீட்லயே ரெஸ்டோர் பண்ணணும்னு ஆசைப்படுறவங்க இத முழுசா படிங்க, கொஞ்சம் நீளமா போகும். நான் இருக்கறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். கார் 1967 ஃபோர்டு மஸ்டாங் கூபே. ஃபேக்டரில பாடியில அடிச்ச நம்பர் 7 எஃப் 01 சி-ன்னு ஆரம்பிக்கும். 7-ன்னா வருசம், எஃப்-ன்னா டியர்பார்ன் ஃபேக்டரி, 01-ன்னா கூபே, சி-ன்னா 289 கியூபிக் இன்ச் வி8, ரெண்டு பேரல் கார்புரேட்டர், 200 குதிரைத்திறன். என் வீட்ல இருந்து அரைமணி நேரத் தூரத்துல பொறந்த வண்டின்னு தெரிஞ்சதுமே எனக்கு மனசு அதுமேல போயிருச்சு. இத போனி கார்னுதான், அதாவது சின்ன ஸ்போர்ட்டி வண்டின்னுதான் சொல்லணும், மசில் கார்னு சொல்லக்கூடாதுன்னு சிலர் சொல்வாங்க, சொல்லிட்டுப் போகட்டும், கராஜ்குள்ள அந்த வி8 ஸ்டார்ட் ஆகறப்ப நெஞ்சுக்கூடு அதிரும் பாருங்க, எனக்கு அது போதும்.

இந்த ஊர்ல குளிர்காலம் பூரா ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. டெட்ராய்ட்டுக்கு அடியிலயே, ஆயிரம் அடிக்கும் கீழ, உப்புச் சுரங்கம் இருக்கு. பழைய வண்டிக்கு அதவிட பெரிய எமன் கெடையாது. மஸ்டாங்குக்கு தனியா சேசிஸ் இல்ல, பாடியேதான் சேசிஸ், அதனால காலுக்கு அடியில இருக்கற தரைத் தகடு போச்சுன்னா வண்டியோட முதுகெலும்பே போன மாதிரி. வித்தவர் "ஃப்ளோர் சாலிட்", தரை கெட்டியா இருக்குன்னு அடிச்சுச் சொன்னாரு. வீட்டுக்குக் கொண்டாந்து கார்பெட்ட தூக்கிப் பாத்தா, அலுமினியத் தகட்ட ரிவெட் அடிச்சு மேல தார் பூசி வச்சிருந்தாங்க. ஸ்க்ரூடிரைவர வச்சு லேசா அழுத்தினேன், அப்படியே உள்ள போய் கீழ கராஜ் சிமெண்ட்ல முட்டுச்சு.

சரின்னு தரைய மாத்த எறங்கிட்டேன். 67-ல மட்டும் 4,70,000-க்கு மேல மஸ்டாங் தயாரிச்சிருக்காங்க, அதனால பாடியில பாதிக்கு மேல புதுசா அடிச்ச தகடு இப்பவும் விலைக்குக் கிடைக்குது, முதல் தடவ கை வைக்கறவங்களுக்கு இந்த வண்டிய நான் சொல்றதுக்கு அதுதான் காரணம். வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கதவு வாசலுக்கும் குறுக்க இரும்புப் பட்டை வச்சு வெல்டு பண்ணிக்கங்க, இல்லைன்னா தரைய எடுத்ததும் பாடி நடுவுல தொங்கிரும், அப்பறம் கதவு ஜென்மத்துக்கும் சரியா மூடாது. கம்பி தானா ஓடி வர்ற மிக் வெல்டிங்க நான் பழைய தகட்டுல ஒரு மாசம் பழகிட்டுதான் வண்டியில கை வச்சேன். ஒரே கோடா இழுத்துட்டுப் போகாதீங்க, சூட்டுல தகடு அப்பளம் மாதிரி வளஞ்சிரும். இங்க ஒரு பொட்டு, ஒரு அடி தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டுத் திரும்ப வாங்க. ஆபீஸ் முடிச்சு வந்து ராத்திரியும் சனி ஞாயிறுமா எனக்கு மூணு மாசம் ஆச்சு. பெயிண்ட் அடிச்சு, புது கார்பெட் போட்டு, வீட்டுக்காரம்மாவ உக்கார வச்சு போட்டோ எல்லாம் எடுத்தோம்.

மொத மழைக்கே கார்பெட் சொதசொதன்னு ஆயிருச்சு.

எனக்கு அழுகையே வந்துருச்சு, என் வெல்டிங்தான் எங்கயோ ஓட்டையா இருக்குன்னு நெனச்சு அடியில படுத்துட்டு டார்ச் அடிச்சு ரெண்டு நாள் தேடினேன். எங்கப்பா கோயமுத்தூர்ல டிங்கரிங் பட்டறை வச்சிருந்தவரு, அம்பாசடரும் ஃபியட்டுமா பாத்த கை. அவருக்கு வீடியோ கால்ல காட்டினேன். மஸ்டாங்க ஜென்மத்துல தொட்டதில்ல அவரு. பாத்துட்டு, "ஏங்கண்ணு, தண்ணி மேல இருந்துதான கீழ வரும், நீ எதுக்கு கீழயே தேடிட்டுக் கெடக்கற?"ன்னாரு.

பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவுல வரிவரியா காத்து போற சந்து இருக்கு பாருங்க, அதுக்குப் பேரு கவுல். உள்ள ரெண்டு தகடுக்கு நடுவுல ஒரு பொட்டி மாதிரி, அதுல காத்து உள்ள வர்றதுக்கு தொப்பியக் கவுத்து வச்ச மாதிரி ரெண்டு குழாய் நிக்கும். எலை தழை விழுந்து அந்தத் தொப்பியச் சுத்தி மக்கி, ஈரத்தப் புடிச்சு வச்சிக்கும், அந்தப் பொட்டிக்குள்ள பெயிண்டும் சரியா ஏறியிருக்காது, அதனால தொப்பியோட அடிதான் மொதல்ல துருப்புடிக்கும். பையன ஓஸ் புடிச்சு மேல தண்ணி ஊத்தச் சொல்லிட்டு நான் டேஷ்போர்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்தேன், நேரா மூஞ்சியில ஊத்துச்சு. தரைய அரிச்சதே இந்தத் தண்ணிதான். கார் வாங்கப் போறப்ப ஒரு பக்கெட் தண்ணிய அந்தச் சந்துல ஊத்திப் பாத்துட்டு அப்பறம் வெல பேசுங்க, விக்கறவர் ஊத்த விடலைன்னா திரும்பி வந்துருங்க.

முன் கண்ணாடி, ரெண்டு ஃபெண்டர், பானட், வைப்பர் எல்லாத்தையும் கழட்டி, நூத்துக்கும் மேல ஸ்பாட் வெல்ட ஒண்ணொண்ணா ட்ரில் பண்ணி மேல் தகட்டத் தூக்கினேன். உள்ள ஓரத்துல சீலர், அதாவது தண்ணி புகாம இருக்க இணைப்புல தடவற பசை, தடவியிருந்த எடத்துல ஒரு வெரல் ரேகை. அந்த சீலர வெரல்லயே இழுத்து விட்டிருக்காரு ஃபேக்டரில இருந்த யாரோ ஒருத்தர், அம்பது வருசத்துக்கு மேல ஆகியும் சுழி சுழியா அப்படியே இருந்துச்சு. நான் என் வெரல அதுமேல வச்சுப் பாத்தேன். துரு இல்லாத எடம்ங்கறதால அந்தத் துண்ட மட்டும் தொடாம விட்டுட்டேன், இப்பவும் உள்ள இருக்கு.

புதுத் தொப்பி வச்சு, வெல்டு பண்ணி, ரெண்டு கோட் எபாக்சி பிரைமர் அடிச்சு மூடறதுக்கு முன்னாடி தரையில நியூஸ்பேப்பர விரிச்சுட்டு பத்து நிமிசம் ஓஸ்ல தண்ணி விட்டோம். பேப்பர் மொறுமொறுன்னு காஞ்சபடியே இருந்துச்சு. ஒவ்வொரு தாளா எடுத்து போன்ல அப்பாகிட்ட ஆட்டிக் காட்டினேன். கண்ணாடியப் போட்டுட்டு நல்லா உத்துப் பாத்தாரு.

"இன்னொருக்கா ஊத்து கண்ணு"ன்னாரு.