எக்செல்லில் குவில்ட் திட்டம்: முக்கோணங்களுக்குத் தானாக நிறம் மாற வழி?

விண்டோஸ் 10, எக்செல் 2016. குவில்ட் என்பது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை; என்னுடையதில் அகலத்தில் 12, நீளத்தில் 15 சதுரங்கள். தைத்தபின் ஒவ்வொன்றும் 6 அங்குலம். செல்லில் துணிக்கான எழுத்தைத் தட்டினால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் நிறம் தருகிறது, கவுன்ட்இஃப் துண்டுகளை எண்ணிவிடுகிறது. அதுவரை அருமை.

குறுக்காக இரண்டு துணி சேரும் சதுரங்களில்தான் மாட்டிக்கொண்டேன். மூலைவிட்ட பார்டர் வெறும் கோடுதான் போடுகிறது, நிறம் செல் முழுக்கப் பரவுகிறது. கிரேடியன்டில் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் நிரப்பல்) எல்லை மங்கிவிடுகிறது. அப்புறம் செங்கோண முக்கோண ஷேப்பை ஆல்ட் விசையோடு இழுத்தேன். செல்லில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் எழுத்தை மாற்றினால் அதன் நிறம் மாறுவதில்லை. நிறங்களை மாற்றி மாற்றிப் பார்க்கத்தானே இத்தனையும்!

அடுத்த வாரம் துணி வெட்ட வேண்டும். மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதும் நிரல்) இல்லாமல், செல்லில் இருக்கும் எழுத்துக்கு ஏற்ப முக்கோணத்தின் நிறம் தானாக மாற வழி உண்டா?