நியோபியம் ராக்கெட் நாசிலுக்கு (எரிவாயு பீறிடும் முனை) சிலிசைடு பூச்சு: எங்கே விட்டுப்போகிறது, ஏன்?

சாட்ஸ்வர்த் (தென்னாப்பிரிக்கா, டர்பன்) உறுப்பினர்:
நாசிலுக்கான சி-103 கலப்புலோகம் (நியோபியத்தில் 10% ஹாஃப்னியம், 1% டைட்டானியம்) நல்ல உலோகம்தான். ஆனால் பூச்சில்லாமல் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே காற்று அதை அரிக்கத் தொடங்கிவிடும். ஆர்-512இ என்ற சிலிசைடு பூச்சின் பொடியில் எடைக்கு சிலிக்கன் 60%, குரோமியம் 20%, இரும்பு 20%. பொடியை நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் கலந்து ஸ்பிரே அடித்து, வெற்றிட உலையில் சுமார் 1,400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அப்போது சிலிக்கன் நியோபியத்தோடு சேர்ந்து சிலிசைடாகும்.

பூச்சு விடுவது பெரும்பாலும் விளிம்பில்தான். சிலிசைடு ஒவ்வொரு முகத்துக்கும் செங்குத்தாக வளரும். கூர்மையான மூலையில் இரண்டு வளர்ச்சியும் ஒட்டாமல் நடுவே பிளவு நிற்கும். வெளி விளிம்பு, துளை வாய் எல்லாவற்றையும் அரை மில்லிமீட்டராவது கூர் போக உருண்டையாக்கிவிடுங்கள். பிறகு நைட்ரிக்-ஹைட்ரோஃபுளூரிக் கலவையில் கழுவி, கையுறையோடு மட்டும் தொடுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் (ஹைட்ரோஃபுளூரிக் காயத்துக்குத் தடவும் மருந்து) பக்கத்தில் இல்லாமல் அந்த அமிலத் தொட்டியைத் திறக்கவே கூடாது.

உலையிலிருந்து எடுத்ததும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பதற வேண்டாம், ஆறும்போது பூச்சு நியோபியத்தைவிட அதிகம் சுருங்குவதால் வருவது அது. சூடேறினால் மூடிக்கொள்ளும், பூச்சின் சிலிக்கன் எரிந்து உண்டாகும் சிலிக்கா கண்ணாடி இடுக்கை அடைக்கும். பயப்பட வேண்டியது, காற்றில் சூடாக்கிச் சோதித்தபின் மூலையில் பொங்கி நிற்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்துத்தான். அது நியோபியம் ஆக்சைடு, உலோகத்தைப்போல் 2.7 மடங்கு இடம் பிடித்து, ஓரத்துப் பூச்சையும் நெம்பிவிடும்.

டொங்காட் உறுப்பினர்:
அண்ணா சொன்னதோடு ஸ்பிரே பற்றி ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் ஈரக்காற்றில் அடித்தால் லாக்கர் வெளுத்துப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிகிறது. அந்த இடம் நுண்துளையாகக் காய்ந்து, உலைக்குப் போகும் முன்பே உதிரும். ஈரம் நீக்கிய அறையில், மெதுவாக ஆவியாகும் தின்னரோடு அடியுங்கள்.

பூச்சுக் கலவை இருக்கும் ஜாடியை உருட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டும். இரும்பும் குரோமியமும் சிலிக்கனைவிட மூன்று மடங்கு கனம். கொஞ்சம் நின்றாலும் அடியில் படிந்து, அடுத்தடுத்த நாசிலுக்கு விகிதமே மாறிவிடும்.

ஃபீனிக்ஸ் (டர்பன் புறநகர்) உறுப்பினர்:
குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் (2021இல் ஓவர்பெர்க்கிலிருந்து 17.9 கிலோமீட்டர் ஏறியது) போல ஒருமுறை, கொஞ்ச நேரமே எரிவதற்கு இதெல்லாம் தேவையில்லை, கிராஃபைட் போதும். ஆயிரக்கணக்கான முறை எரியும் செயற்கைக்கோள் திரஸ்டருக்குத்தான் (சிறு உந்து எஞ்சின்) இந்தப் பாடு.

சிலிசைடின் வரம்பு ஏறத்தாழ 1,370 டிகிரி. அதற்கு மேல் என்றால் ரீனியத்தால் ஆன எரிப்பு அறைக்குள் இரிடியம் பூச்சு. 2,200 டிகிரி வரை போகலாம். உலக இரிடியத்தில் பெரும்பகுதி நம் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் சுரங்கங்களில் கிடைப்பதுதான். மாலிப்டினம் அச்சின்மேல் முதலில் இரிடியம், அதன்மேல் ரீனியம் என்று ஆவிப்படிவு செய்து (வாயுவிலிருந்து படியவைத்து), அச்சை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள்.

இதில் ஊசித்துளை ஒன்று போதும். ரீனியம் ஆக்சைடு வாயுவாகவே வெளியேறிவிடுவதால் வெள்ளைப் பொடிபோல் எந்த அடையாளமும் இருக்காது. பூச்சுக்குப் பின்னால் குழி விழுந்துகொண்டிருக்கும். எரிப்புச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள், கண்ணை மட்டும் நம்பாதீர்கள்.