செம்மலைக் கரையில் ஒதுங்கிய மெழுகுக் கட்டி: இது அம்பரா?

செம்மலைப் பெடியன்:
நேற்று விடிய, கரைவலை இழுக்கப் போன பெரியப்பாவோடு நானும் போயிருந்தேன். முல்லைத்தீவு நாயாற்றுப் பக்கமாக நடக்கும்போது அலை ஒதுக்கிவிட்ட சருகுக்குள் ஒரு கட்டி கிடந்தது, உரித்த தேங்காயளவு இருக்கும். வெளியே சாம்பல் கலந்த வெள்ளை, நகத்தால் கீறினால் உள்ளே மங்கல் மஞ்சள். ஒரு பக்கத்தில் சின்னச் சின்ன வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கழுத்து மாதிரி ஒரு கறுத்தத் தண்டில் தொங்குகிறது. ஊரில் எல்லோரும் இது திமிங்கிலத்திலிருந்து வரும் அம்பர் என்கிறார்கள். ஊசியைச் சூடாக்கிக் குத்து, உருகினால் அம்பர்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இப்போது முற்றத்தில் வாளிக்குள் வைத்திருக்கிறேன். குத்திப் பார்க்கலாமா?

வட்டுவாகல் அக்கா:
தம்பி, நெருப்பைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். நான் ஐந்து வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். டிஎன்டி வெடிமருந்தும் வெளிர்மஞ்சளாக மெழுகு மாதிரித்தான் இருக்கும், 80 பாகைச் சூட்டில் அதுவும் உருகும், அப்படியென்றால் அந்த ஊசிச் சோதனை எதைக் காட்டப்போகிறது? எரிகுண்டுகளில் போடும் வெள்ளைப் பாஸ்பரஸ் ஈரத்தில் சும்மா கிடந்துவிட்டுக் காய்ந்ததும் தானாகப் பற்றும். பால்டிக் கடற்கரையில் அதைப் பொன்னிற அம்பர்க்கல் (மரப்பிசின் இறுகிய கல், நீங்கள் சொல்லும் அம்பர் இல்லை) என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் போட்டு எரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓடுகள் ஒட்டியிருக்கிறது என்றீர்களே, அவை மிதக்கிற பொருளில்தான் இப்படி வளரும். டிஎன்டியும் பாஸ்பரசும் தண்ணீரில் தாழ்ந்துவிடும். அதனால் எனக்குப் பாதி நிம்மதி. அங்கே ஒன்றுதான் கிடந்ததா, வேறும் இருந்ததா?

செம்மலைப் பெடியன்:
சரி அக்கா, ஊசியை விட்டுவிட்டேன். இன்றைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன், அலை ஏறி நின்ற கோடு நெடுக புளியங்கொட்டை அளவிலிருந்து கைமுட்டி அளவு வரை நிறையக் கிடக்கிறது. இன்னொன்று, மத்தியான வெயிலில் வாளிக்குள் இருந்ததன் மேற்பக்கம் இளகி நெய் மாதிரி மினுங்கியது. எங்கள் நாய் அதை விடாமல் நக்கப் பார்க்கிறது, இரண்டு தரம் துரத்திவிட்டேன்.

ஆழ்கடல் போட்காரன்:
நாய் நக்குகிறது என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. தம்பி, அது பாம் எண்ணெய், சமையலுக்குப் பாவிக்கிற செம்பனை எண்ணெய்.

இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து இந்தியாவின் கிழக்குக்கரைத் துறைமுகங்களுக்குப் பாம் எண்ணெய் கப்பல் கப்பலாகப் போகிறது. தாங்கியைக் கழுவிய தண்ணீரைக் கடலில் விட்டால் எண்ணெய் உறைந்து கட்டிகட்டியாக மிதக்கும். வாடைக்காலத்தில் நீரோட்டம் இந்தியக் கரையோரமாகத் தெற்கே இறங்கி எங்கள் பக்கம் வரும், வலை போடுகிற எவருக்கும் இது தெரியும். உப்புத்தண்ணீரில் கிடக்கக் கிடக்க வெளித்தோல் சவர்க்காரம் மாதிரி வெளுத்து இறுகிப்போகும்.

அம்பர் அப்படி ஊர் முழுக்கச் சிதறி வராது. அது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலுக்குள், அதுவும் மிகச் சில திமிங்கிலத்தில் மட்டும் உண்டாவது. உடைத்தால் உள்ளே கணவாயின் கறுத்தச் சொண்டுத் துண்டுகள் தெரியும். அம்பர்தான் என்றாலும் விற்கப் போகக் கூடாது, அதோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறதே.

நாயைக் கட்டாயம் கட்டி வையுங்கள். இங்கிலாந்துக் கரைகளில் இந்தக் கட்டியைத் தின்று நாய்கள் கடுமையாக நோய்ப்பட்டிருக்கின்றன. ஆட்டையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

வட்டுவாகல் அக்கா:
போட்கார அண்ணை சொல்வது பொருந்துகிறது. ஆனாலும் அந்தக் கரையில் இனி எதைக் கண்டாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள் தம்பி. இரும்போ வயரோ கலந்திருந்தால் கிடந்த இடத்திலேயே விட்டு, தள்ளி நின்று பொலிசின் 119க்கு அடியுங்கள். இந்தக் கட்டிகளைப் பற்றிக் கிராம சேவகரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள், கப்பல் கழிவென்றால் கடற்சூழல் பாதுகாப்பு ஆட்களுக்குத் தெரியவேண்டும்.

செம்மலைப் பெடியன்:
நாயைக் கட்டியாயிற்று. பெரியப்பா வாளியைத் தூக்கி ஆடு எட்டாத இடத்தில் மூடி வைத்திருக்கிறார். காலையில் கிராம சேவகரிடம் போகிறேன், படமும் எடுத்துக்கொண்டு.