முன்னங்கால் லாடம் ஆறாம் வாரமே ஆடுகிறது, ஆணித் துளையில் குளம்பு பிய்கிறது: எங்கே தவறு?

செவலை

வணக்கம். எட்டு வயது குதிரை, காயடித்தது, எடை சுமார் 450 கிலோ. வாரத்தில் நான்கு நாள் கெட்டித் தரையில் ஒரு மணி நேரச் சவாரி. நான்கு காலிலும் லாடம் உண்டு. லாடக்காரர் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறார்.

பின்னங்கால் லாடங்கள் நிற்கின்றன. முன்னங்காலில்தான் பிரச்சினை. ஆறாம் வாரம் வந்தாலே லாடம் ஆடுகிறது, ஆணி மடிப்புகள் (குளம்புச் சுவருக்கு வெளியே வந்து மடக்கிய ஆணி முனைகள்) விரலில் தட்டுப்படும் அளவுக்கு எழும்பி நிற்கின்றன. எட்டாம் வாரம் ஒரு பக்கம் கழன்றுவிடுகிறது. கழலும்போது ஆணித் துளையை ஒட்டிய சுவரையும் பிய்த்துக்கொண்டு போகிறது. இப்போது இடது முன்காலில் வெளிப்பக்கம் ஆணி அடிக்க நல்ல இடமே இல்லை.

குளம்பே பலவீனம் என்கிறார் லாடக்காரர். தினமும் எண்ணெய் தடவச் சொல்கிறார் ஒருவர், பயோட்டின் என்ற வைட்டமின் கொடுக்கச் சொல்கிறார் இன்னொருவர், லாடத்தையே எடுத்துவிடு என்கிறார் வேறொருவர். காலை மாலை இரண்டு வேளையும் கால்களைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம். பின்கால்களின் அடியில் கறுப்பாக, கெட்ட நாற்றத்தோடு ஏதோ கசிகிறது. எதிலிருந்து தொடங்குவது? லாடக்காரரின் மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது?

அரமும்பட்டடையும்

குளம்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நாட்கணக்கைப் பாருங்க. குளம்பு மாசத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். பத்து வாரம்னா முனையில ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் கூடுதல். லாடம் இருக்கிற காலில் முனை தேய வழியே இல்ல. குதிப்பக்கம் மட்டும் லாடத்து மேல உரசி உரசிக் கொஞ்சம் தேயும். அதனால நாளாக ஆக முனை நீளுது, குதி தாழுது, குளம்பு முன்னால சாயுது.

குளம்பு சாய்வா முன்னோக்கி வளர்றதால லாடமும் அதோட சேர்ந்து முன்னால போயிடும். அடிச்ச அன்னிக்குக் குதியைத் தாங்கின லாடத்தோட பின்முனை, எட்டாம் வாரத்துல குதிக்கு உள்பக்கமா நகர்ந்து அடிப்பாகத்தை அழுத்திக்கிட்டு இருக்கும். அந்த இடத்தைச் சீவிப் பார்த்தா ரத்தம் கட்டின மாதிரி சிவப்புத் தெரியும்.

நீண்ட முனை ஒரு கடப்பாரை மாதிரி. கால் தரையை விட்டுக் கிளம்புற ஒவ்வொரு தடவையும் அது ஆணிகளை நெம்புது. துளை அகலுது, மடிப்பு எழும்புது. அதோட முன்கால் கிளம்பத் தாமதமாகும், பின்னாடி வர்ற கால் முன்கால் லாடத்தோட குதியை மிதிச்சு இழுத்துடும். ஒரு பக்கமாக் கழலுதுன்னா பெரும்பாலும் இதுதான்.

5 வாரத்துக்கு ஒருமுறை, தள்ளிப்போனா 6. அதுக்கு மேல வேண்டாம். சீக்கிரம் வந்தா இன்னும் நல்லதுதானேன்னு மூணு வாரத்துல வரச் சொல்லவும் வேண்டாம். பழைய துளை கீழே இறங்கி வெட்டுப்படறதுக்கு முன்னாடியே பக்கத்துல புதுத் துளை போட வேண்டிவரும். ஏற்கெனவே பிய்ஞ்ச சுவருக்கு அது ஆகாது.

அடுத்தது ஆணி. அடியில வெள்ளைக் கோடு தெரியும். சுவரும் உள்ளங்குளம்பும் சேர்ற இடம் அது. ஆணி அந்தக் கோட்டோட வெளிவிளிம்புல இறங்கி, சுவருக்குள்ளயே ஏறி, லாடத்துல இருந்து சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்துல வெளிய வரணும். ஒரு சென்டிமீட்டர்லயே வந்துட்டா பிடிக்கிற சுவர் மெல்லிசு, அதுதான் பிய்யும். ரொம்ப மேல போனா உயிர்ச்சதைக்குப் பக்கம். ஆணி முனையில ஒரு பக்கம் சரிவாச் சீவியிருக்கும். அந்தப் பக்கம் உள்ளே பார்த்து இருந்தாத்தான் ஆணி வெளிப்பக்கமா வளைஞ்சு வரும். திருப்பி அடிச்சா நேரா சதைக்குப் போகும்.

குளம்பு எங்க ரொம்ப அகலமா இருக்கோ அதுக்குப் பின்னாடி ஆணி கூடாது. கால் ஊனும்போது குதிப்பக்கம் விரியணும், ஆணி அதைப் பூட்டிடும். லேசான சவாரிக் குதிரைக்குத் தடி ஆணியும் வேண்டாம், சுவரைப் பிளக்கும். மெல்லிசு போதும். ஆனா ஆணித் தலை லாடத்தோட குழியில தொளதொளன்னு இல்லாம நல்லா அமரணும். லாடத்துக்கும் ஆணிக்கும் அளவு பொருந்தாம அடிச்சா ரெண்டே வாரத்துல ஆட்டம் வந்துடும்.

இடது முன்காலுக்கு: பிய்ஞ்ச இடத்தை இந்தத் தடவை விட்டுடச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் க்ளிப், அதாவது சுவரைப் பிடிக்கிற சின்னத் தகடு, இருக்கிற லாடம் போட்டா, லாடம் பக்கவாட்டுல நகராம அந்தத் தகடுகளே தாங்கும், ஆறு ஆணியில ஓட்டிடலாம். லாடம் சின்னதாப் போச்சுன்னு குளம்பு முனையை வெளியில இருந்து ராவி லாடத்துக்குப் பொருத்துறது நடக்கும். அதை மட்டும் ஒத்துக்காதீங்க. குளம்புக்குத்தான் லாடம். ராவ ராவச் சுவர் மெலியும், அடுத்த தடவை ஆணிக்கு இடம் இருக்காது.

செவலை

நன்றி அண்ணா. இப்போதுதான் அளந்து பார்த்தேன். உள்பக்கம் 2 சென்டிமீட்டரில் வந்திருக்கிறது. வெளிப்பக்கம், அதாவது பிய்ந்த பக்கம், 1 சென்டிமீட்டர்தான். லாடத்தின் பின்முனை குதிக்கு உள்ளே போயிருப்பதும் தெரிகிறது. தண்ணீர், எண்ணெய், அந்தக் கறுப்புக் கசிவு பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

குளம்புவைத்தியம்

கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். நனைந்த குளம்பு ஊறி மென்மையாகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. தினமும் இரண்டு முறை இப்படி நடந்தால் ஆணித் துளைகள் தளர்கின்றன, சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன. சேறு இருந்தால் காயவிட்டுத் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

எண்ணெய் குளம்பை வளர்க்காது. வளர்ச்சி நடப்பது மேலே, மயிர் முடியும் விளிம்பில். அதற்குக் கீழே இருக்கும் சுவர் நம் நகம் போல உயிரற்றது. அதன் மேல் எதைத் தடவினாலும் ஊட்டமாக மாறாது. ஏற்கெனவே ஈரமான குளம்பில் கெட்டியாக எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

பயோட்டின் சில குதிரைகளுக்கு உண்மையிலேயே உதவுகிறது. இந்த எடைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம். துத்தநாகம், செம்பு, மெத்தியோனின் தீவனத்தில் குறைவாக இருந்தால் பயோட்டின் மட்டும் போதாது. பலன் புதிதாக வளரும் பகுதியில்தான் தெரியும். மேல் விளிம்பிலிருந்து முனை வரை ஒரு சுற்று வளர 9 முதல் 12 மாதம் ஆகும். இரண்டு மாதம் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துவது வீண் செலவு. இன்னொன்று: செலினியம் உள்ள இரண்டு கலவைகளைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். செலினியம் அளவு மீறினால் குளம்பே வெடித்துக் கழலும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

கறுப்புக் கசிவு அழுகல்தான். அடியில் ரப்பர் போல இருக்கும் முக்கோணப் பகுதியை, லாடக்காரர்கள் ஃப்ராக் என்பதை, காற்றுப் புகாத இடத்தில் வளரும் நுண்ணுயிரிகள் தின்கின்றன. ஈரமும் சாணமும் அவற்றுக்கு வீடு. குளம்புக் கொக்கியால் குதியிலிருந்து முனையை நோக்கி, இரு பக்கப் பள்ளங்களையும் நடுப்பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள். முனையிலிருந்து குதியை நோக்கி இழுத்தால் கொக்கி ஃப்ராக்கைக் குத்தும். பிறகு நீர்த்த போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். நடுப்பள்ளம் ஆழமாக இருந்தால் அதே மருந்தில் நனைத்த பஞ்சுத் திரியை உள்ளே வைத்துத் தினமும் மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நாற்றம் போகும். ஃபார்மலின், நீர்க்காத ப்ளீச் வேண்டாம். அவை நல்ல திசுவையும் எரித்துவிடும். படுக்கை ஈரமாகவே இருந்தால் எந்த மருந்தும் நிற்காது. தொங்கும் கந்தல் பகுதிகளை லாடக்காரர் சீவிவிட வேண்டும். கொக்கியின் முனை நடுப்பள்ளத்துக்குள் மறையும் அளவுக்கு ஆழமும் வலியும் இருந்தால் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். நாற்றமில்லாமல் ஃப்ராக்கின் மேல்தோல் தகடாக உரிவது இயல்பு. அதை அழுகல் என்று நினைத்துத் தோண்டாதீர்கள்.

லாடம் அடித்த ஓரிரு நாளில் குதிரை நொண்டினால், ஏதோ ஓர் ஆணி சதையை அழுத்துகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் ஒவ்வோர் ஆணித் தலையையும் மெல்லத் தட்டினால் ஒன்றில் காலை இழுக்கும். அந்த ஆணியை எடுக்க வேண்டும். எடுத்த ஆணியில் ரத்தமோ சீழோ இருந்தால் துளையை அயோடினால் கழுவி மருத்துவரை அழையுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் வரும், தடுப்பூசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது வேறு ஆணியோ கம்பியோ அடியில் ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். மேலும் உள்ளே போகாதபடி சுற்றிலும் கட்டைத் துண்டுகளை வைத்துக் கட்டிவிட்டு மருத்துவரை வரவழையுங்கள். எக்ஸ்ரேயில் அது எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துவிட்டால் சிகிச்சை தெளிவாகும்.

முன்னங்கால் இரண்டும் சூடாகி, உடலைப் பின்னால் சாய்த்து நின்றால் அது லாடக்காரர் வேலை அல்ல. லேமினைட்டிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) என்று எடுத்துக்கொண்டு, நடத்தாமல், குளம்பு முதல் கணு வரை ஐஸ் தண்ணீரில் வைத்து, உடனே மருத்துவரை அழையுங்கள்.

லாயக்காவல்

பேசுவது பற்றிக் கேட்டீர்கள். குறை சொல்வதாகத் தொடங்காமல் அளவோடு தொடங்குங்கள். அவர் வரும் அன்று, வேலைக்கு முன்பும் பின்பும், ஒவ்வொரு காலையும் மூன்று படம் எடுங்கள்: பக்கவாட்டில், முன்னால், அடியில். பக்கவாட்டுப் படத்துக்குக் கேமராவைத் தரையோடு வையுங்கள். நின்றபடி எடுத்தால் கோணம் பொய் சொல்லும். அந்தப் படத்தில் குளம்பின் முன்பக்கச் சாய்வும், அதற்கு மேலே கணு வரை போகும் எலும்பின் சாய்வும் ஒரே கோட்டில் வர வேண்டும். கோடு குளம்பில் முன்னோக்கி முறிந்தால் முனை நீளம். "ஆணி வெளிப்பக்கம் 1 சென்டிமீட்டரில் வந்திருக்கிறது, இந்த முறை கொஞ்சம் உயர்த்த முடியுமா" என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார். அவர் கிளம்பும் முன்பே அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். பத்து வாரமாக நீள்வது பல இடங்களில் அவரால் அல்ல, நாம் தாமதமாகக் கூப்பிடுவதால்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சமமான, காய்ந்த, வெளிச்சமான இடம், வெயில் இல்லாமல். கால்கள் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும். ஈக்கள் அதிகமென்றால் முன்பே மருந்து அடியுங்கள், கால் உதறலில் பாதி அதனால்தான். தலையைப் பிடிப்பவர் லாடக்காரர் நிற்கும் அதே பக்கம் நிற்க வேண்டும். குதிரை திமிறினால் தலையைத் தன் பக்கம் இழுத்தால் போதும், பின்பகுதி அவரை விட்டு விலகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் குதிரை அவர் மேலேயே சாயும். அடுத்த ஐந்து வாரமும் தினமும் ஒவ்வொரு காலையும் தூக்கி, ஒரு நிமிடம் பிடித்து, குதிரை இழுக்காத நேரத்தில் கீழே வையுங்கள். இழுக்கும்போது விட்டால் இழுத்தால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும்.

லாடத்தை எடுப்பது பற்றி என் கருத்து: பின்கால்களில் இப்போதே எடுக்கலாம். லாடம் இல்லாமல் அழுகலும் சீக்கிரம் காயும்.

அரமும்பட்டடையும்

பின்கால் சரி, நானும் அதையே சொல்வேன். முன்கால் இப்ப வேண்டாம். உடலோட பளுவில் பாதிக்கு மேல முன்கால்லதான் விழுது, தரை வேற கெட்டி. பிய்ஞ்ச சுவரோட வெறுங்காலா விட்டா மிச்சச் சுவரும் நொறுங்கும், உள்ளங்குளம்பு நோகும். ரெண்டு மூணு சுற்று லாடம் சரியாப் போட்டு நல்ல சுவர் கீழே இறங்கட்டும், அப்புறம் யோசிக்கலாம். பின்கால் லாடம் எடுத்தாலும் 5, 6 வாரத்துக்கு ஒருமுறை விளிம்பை உருட்டி ராவணும். விட்டா ஓரம் சில்லுச் சில்லாப் பெயரும்.

செவலை

பின்கால் லாடம் எடுக்கச் சொல்லிவிடுகிறேன், முன்காலுக்கு க்ளிப் லாடம். கடைசியாக ஒன்று: அவர் வருவதற்குள் இடது முன்கால் லாடம் பாதி கழன்று தொங்கினால் நானே என்ன செய்வது?

அரமும்பட்டடையும்

தொங்க விட்டுட்டு நடத்தாதீங்க, க்ளிப்பு மேலயோ ஆணி மேலயோ மிதிச்சுடும். முதல்ல மடிப்பை நிமிர்த்தணும், இல்லேன்னா அரத்தால ராவிடணும். மடிப்போட இழுத்தா சுவரும் சேர்ந்து வரும். அப்புறம் குறட்டை லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல குதிப்பக்கத்துல கொடுத்து, முனையையும் நடுவையும் பார்த்துக் கீழ்நோக்கி நெம்புங்க. ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம், முனை வரைக்கும் மாத்தி மாத்தி. வெளிப்பக்கமா மட்டும் திருகாதீங்க. ஆணி கெட்டியா இருந்தா நெம்பின லாடத்தைச் சுத்தியலால தட்டி மறுபடி குளம்போட ஒட்ட வச்சா தலை மேல தெரியும், ஒவ்வொண்ணா இழுத்துடலாம். எடுத்த ஆணிகளை எண்ணிப் பாருங்க, ஒண்ணு குறைஞ்சாலும் குளம்புலயோ படுக்கையிலயோதான் இருக்கும். அடுத்தது சுவரைக் காப்பாத்தணும்: குழந்தை டயப்பரை அடியில வச்சு மடிச்சு, மேல தடித்த டேப்பைக் குறுக்கும் நெடுக்குமா அட்டை மாதிரி ஒட்டிச் சுத்துங்க. மயிர் விளிம்புக்கு மேல டேப் போகக் கூடாது, ரத்த ஓட்டத்தை இறுக்கிடும். அவர் வர்ற வரைக்கும் சவாரி இல்லாம காய்ஞ்ச படுக்கையில நிக்கட்டும், டேப் கிழிஞ்சா அன்னிக்கே மாத்துங்க.